பட்டனிலிருந்து கையை எடுங்கள்

நேற்று மாலை நம் ஹாம் ரேடியோ நெட்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பேசத் தொடங்கினார். புது வயர்லெஸ் செட் வாங்கிய கதை. அது வந்த பெட்டி, அதன் நிறம், கண்டியிலிருந்து வரும் வழியில் பஸ் பழுதாகி நின்றது, பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பொலிஸ் செட் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தது, எல்லாம் சொன்னார். அழுத்திய பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. யாராவது அளவு மீறிப் பேசினால் மலையுச்சியில் இருக்கும் நம் ரிப்பீட்டர் தானாகவே வெட்டிவிடும். அவரையும் வெட்டியது. அது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் தன் வீட்டுச் சுவரோடு பேசிவிட்டு, எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டதா என்று விசாரித்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம் இருந்தது. போன வாரம் ஒருவர் செட் வேலை செய்கிறதா என்று பார்க்க விசில் அடித்தார். அதற்கு முந்தைய வாரம் இன்னொருவர், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து, நான் பேசலாமா என்று அனுமதி கேட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் கிடைத்து மை காயாத நீங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து வாசியுங்கள்.

ரிப்பீட்டர் என்றால் என்ன என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் வேறு யாராவது இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கையடக்கமான நம் செட்டுகளின் சத்தம் ஒரு மலையைத் தாண்டாது. உச்சியில் இருக்கும் அந்த இயந்திரம் அதைப் பிடித்து, பலமாக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் அனுப்பும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாக அழுத்தினால் பலமான செட் ஜெயிக்கும், பலவீனமான செட் காணாமல் போகும். குறித்த நேரத்தில் எல்லாரும் அங்கே கூடிப் பேசுவதுதான் நெட். யார் எப்போது பேசலாம் என்று சொல்பவர் நெட் கண்ட்ரோல்.

நான் ஹட்டன் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுவதும் காதில் ஹெட்செட்டோடு இருந்தவளுக்கு வானொலியில் பேச யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்ற நினைப்பில்தான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்தேன். முதல் நாள் செட்டை எடுத்து, பட்டனை அழுத்தி, "ஹலோ, ஹட்டன்ல இருந்து பேசுறேன், கேக்குதுங்களா?" என்றேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவில் அது போய் விழுந்தது. டெலிபோனில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். அந்தப் பழக்கம்.

அப்போது நெட் கண்ட்ரோலாக இருந்தவர் நுவரெலியாவில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஒரு சிங்கள ஆசிரியை. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். இப்போது அழைத்த நிலையம் தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். காத்திருந்தேன். நெட் முடியும்வரை காத்திருந்தேன். என்னை மறந்துவிட்டார் என்று பொருமிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டீச்சர்தான்.

"அக்கா, பட்டன் அமுக்கினா உங்க காது மூடிரும். அத மட்டும் ஞாபகம் வைங்க" என்றார். அவருடைய தமிழ் சின்னச் சின்ன வசனங்களாக வரும். அதனாலேயே மறக்காது. பிறகு, கொஞ்ச நாளைக்குப் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என்னை அவர் எல்லார் முன்னாலும் திருத்தவில்லை. நெட் முடியக் காத்திருந்து, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால்தான் மறுநாளும் செட்டைப் போட்டேன்.

கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. டீச்சர் நெட்டை நடத்தும்போது ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவரை உடனே கூப்பிட மாட்டார். ஒரு மூச்சு விட்டு எடுக்கும் நேரம் சும்மா இருப்பார். அந்த இடைவெளி எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். "வெளியே யாராவது நிக்கலாம். உள்ளே வர இடம் வேணும்" என்றார். புதியவர்களே, நீங்கள் படித்த எல்லா விதிகளையும்விட இது முக்கியம். ஆனால் உங்களில் பலர் அடுத்தவர் வாய் மூடும் முன்பே பட்டனை அழுத்துகிறீர்கள். கடைசி பஸ்ஸில் ஏறுவதுபோல.

அழுத்துபவர்களில் முதலிடம் ராகலை மோகனுக்கு. அவர் இதை வாசிப்பார், வாசிக்கட்டும். முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் எழுதுகிறேன். மோகன் மரக்கறி வியாபாரி. மனசு தங்கம். யாருக்காவது கம்பம் நாட்ட வேண்டும், வயர் இழுக்க வேண்டும் என்றால் ராகலையிலிருந்து பைக்கில் வந்து நிற்பார். அவருடைய அன்டெனா இந்தப் பகுதியிலேயே உயரமானது. அவர் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல இருக்கும். அந்தப் பலம்தான் பிரச்சினை. லீக்ஸ் லொறி எங்கே நிற்கிறது என்று அதே அலைவரிசையில் இருந்த தன் தம்பியிடம் விசாரிப்பார். வியாபாரம் பேசக் கூடாது தம்பி, இது அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து என்று நான் மோகனிடம் சொன்னால், "ஒரு லொறி லீக்ஸ்தானே அக்கா" என்பார். இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் என்ன தவறு செய்தாலும் அந்த இடத்திலேயே, எல்லார் காதிலும் விழத் திருத்துவார்.

அப்படித்தான் சுகந்தி மாட்டினாள்.

சுகந்தி வலப்பனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அவள் இருக்கும் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கைபேசிக்கு சிக்னல் எடுக்க வேண்டுமென்றால் தேயிலைக்குள் ஏறிப்போய் ஒரு குறிப்பிட்ட பாறையில் நிற்க வேண்டும். நுவரெலியாவில் டீச்சர் நடத்திய வகுப்புக்கு பஸ் மாறி மாறி வந்து, பரீட்சை எழுதி, ஒரு சின்ன கைச்செட்டும் வாங்கிக்கொண்டாள். முதல் முறை நெட்டுக்கு வந்தபோது தன் அழைப்புக்குறியையே, அதாவது கால்சைனையே, மாற்றிச் சொல்லிவிட்டாள். பேசி முடித்ததைக் காட்டும் ஓவர் என்ற சொல்லும் விட்டுப்போனது. மோகன் உடனே திருத்தினார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர் திருத்தினார். மூன்றாமவர், முதல் இருவரும் திருத்தியது எப்படித் தவறு என்று விளக்கினார். அந்தப் பெண் "மன்னிச்சுக்கங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அவளைக் கைபேசியில் தேடிப் பிடித்தேன். பரவாயில்லை அக்கா, பழகிக்குவேன் என்று சிரித்தாள். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு நெட்டிலும் வருவாள், அழைப்புக்குறியைச் சொல்வாள், நலம் என்பாள், போய்விடுவாள். யார் பேச்சிலும் குறுக்கிட மாட்டாள். இடைவெளி வரும்வரை காத்திருந்து, வராவிட்டால் பேசாமலே போய்விடுவாள். எல்லாரும் அவளை நல்ல ஒழுக்கமான ஆபரேட்டர் என்றார்கள். எனக்கு அந்தப் பாராட்டே பிடிக்கவில்லை. பயத்துக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அதன் பிறகு அந்த மழை வந்தது.

எந்த மழை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள்கணக்கில் விடவில்லை. முதலில் கரண்ட் போனது. அடுத்து கைபேசி கோபுரங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. பாதைகள் அங்கங்கே அறுந்தன. ரிப்பீட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நுவரெலியாவில் அதிகாரிகள் கூடியிருந்த அறைக்கு டீச்சர் தன் செட்டைக் கொண்டுபோய் வைத்து, நெட் கண்ட்ரோலாக உட்கார்ந்தார். நான் ஹட்டனில் வீட்டில், கார் பேட்டரியில் செட்டை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

அன்று முற்பகல் நெட் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். சந்தைக்கடை. ஒவ்வொருவரும் உதவ வந்திருந்தார்கள். எங்கே மரம் விழுந்திருக்கிறது, எங்கே பாலத்துக்கு மேல் தண்ணீர், யார் வீட்டில் சோறு இருக்கிறது, யார் கேள்விப்பட்டது என்ன. ஒருவர் சொன்னதையே மூன்று பேர் திரும்பச் சொன்னார்கள். உதவி வேண்டுமா என்று கேட்கவே சிலர் உள்ளே வந்தார்கள். டீச்சர் எத்தனையோ முறை, அவசரச் செய்தி இல்லாதவர்கள் அமைதியாக இருங்கள் என்றார். சரி என்று சொல்லவே ஆறு பேர் பட்டனை அழுத்தினார்கள்.

அந்த அமளியில் மோகன் ஒரு தகவல் சொன்னார். சுகந்தியின் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு லொறி டிரைவர் எப்படியோ ராகலைக்கு வந்து சேர்ந்திருந்தார். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷன் லயத்து ஆட்களைத் தோட்டத்துப் பாடசாலையில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று அவர் மோகனிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மோகன் அதை நெட்டில் சொன்னபோது, பாடசாலை பத்திரமாக இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. பொய் சொல்லும் ஆளில்லை அவர். ஆட்கள் அங்கே இருந்தால் இடம் பத்திரமாகத்தானே இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் சொன்னார். நுவரெலியாவில் அதிகாரிகள் அதை வைத்து, கீழ் டிவிஷன் ஆட்களையும் அதே பாடசாலைக்குக் கூட்டிப்போகும்படி பொலிஸ் ஜீப்புக்குச் சொல்ல ஆயத்தமானார்கள்.

கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். உங்கள் கணக்கைச் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், இது என் ஊகம் என்று சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மோகன் கையை எடுத்ததும், அடுத்தவர் அழுத்துவதற்கு முன்னால், ஒரு சின்ன உரசல். காகிதத்தில் நகம் பட்டதுபோல. பட்டனை யாரோ அழுத்தியிருக்கிறார்கள், குரல் வருவதற்குள் பலமான செட் ஒன்று அவர்கள்மேல் ஏறிவிட்டது. அடுத்தவர் முடித்தபோது மறுபடியும் அந்த உரசல். மறுபடியும் யாரோ மேலே ஏறினார்கள். யாரோ ஒவ்வொரு முறையும் ஒழுங்காக, அடுத்தவர் முடியும்வரை காத்திருந்து முயன்று பார்க்கிறார்கள். இடைவெளி கிடைக்கவில்லை.

நான் பிரேக் என்று கூப்பிட்டேன். அவசரமாக உள்ளே வருகிறேன் என்பதற்கான சொல் அது. டீச்சர், ஹட்டன் காத்திருக்கவும் என்றார். அவருக்கு முன்னால் அதிகாரிகள் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. மோகன் மறுபடி தொடங்கினார். நானும் அழுத்தினால் இருவர் குரலும் கெட்டு இன்னும் நேரம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முடிக்கக் காத்திருந்தேன். அவர் கை எடுத்த அந்த நொடியில் முழுப் பலத்தையும் வைத்து அழுத்தினேன்.

"எல்லாரும் நிறுத்துங்க. ரொம்ப மெல்லிசா ஒரு ஸ்டேஷன் கூப்பிடுது. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் பட்டனத் தொட வேணாம். டீச்சர், நீங்களும்தான்."

அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். நெட் கண்ட்ரோல் இருக்கும்போது இன்னொருவர் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதைக் கேடு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கையை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மழைதான் தகரத்தில் கொட்டியது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயசுக் காது, ஏதோ கேட்டு, ஏதோ நினைத்து, ஒரு மாவட்டத்தின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறேனா என்று. அந்த நேரம் பார்த்து செட்டுக்கு உயிர் வந்தது. யார் என்கிறீர்கள்? மோகன்.

"அக்கா, யாரும் இல்லைங்களே. நான் நல்லாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த ஆள் என் முன்னால் நின்றிருந்தால் செட்டைப் பிடுங்கியிருப்பேன்.

"மோகன், பட்டன்ல இருந்து கைய எடு."

வாழ்க்கையில் அவரை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் எடுத்தார். அந்த அமைதியில், இரைச்சலின் அடியிலிருந்து ஒரு பெண் குரல் துண்டு துண்டாக வந்தது. ஸ்கூல் என்ற சொல் கேட்டது. வேணாம் என்ற சொல் கேட்டது. மற்றதெல்லாம் அரைத்த மாவு.

டீச்சர் உடனே ஆங்கிலத்தில், அழைக்கும் நிலையம் அழைப்புக்குறியையும் இடத்தையும் சொல்லவும் என்றார். விதிப்படி சரி. ஆனால் அந்தக் கேள்வி போனதும் அந்தக் குரல் நின்றுவிட்டது. எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பிழை விடாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

டீச்சரின் அடுத்த சொல் வருவதற்குள் நான் தமிழில் பேசினேன். "சுகந்தியாம்மா? ஒண்ணும் சொல்ல வேணாம். ஆமான்னா பட்டன ரெண்டு தரம் தட்டு. இல்லைன்னா ஒரு தரம்."

இரண்டு தட்டு வந்தது.

குரல் தேயும் அளவுக்குச் செட் பலவீனமாக இருந்தாலும் தட்டுக் கேட்கும். ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. கேள்வி கேட்பவர் தன் மனசில் இருப்பதையே அடுத்தவர் வாயில் வைத்துவிடலாம். அதனால் ஒன்றொன்றாகக் கேட்டேன். பாடசாலையிலா இருக்கிறாய்? இரண்டு தட்டு. ஆட்கள் உள்ளே இருக்கிறார்களா? இரண்டு. யாருக்காவது காயமா? ஒன்று. மேலும் ஆட்களை அனுப்பலாமா? ஒரு தட்டு வந்தது. அதோடு நிற்கவில்லை. சிறிது விட்டு இன்னொரு ஒற்றைத் தட்டு. மறுபடி இன்னொன்று. இல்லை, இல்லை, இல்லை என்று அடித்துக்கொண்டே இருந்தாள்.

அதைக் கேட்டதும் டீச்சருக்கு விளங்கிவிட்டது. நான் குறுக்கே போனதற்கு ஒரு சொல் சொல்லவில்லை. தன் சின்ன வசனத் தமிழில் நேராக அவளிடம் பேசினார். "சுகந்தி, கூரைத் தகரம் உன் சத்தத்த மறைக்குது. வெளியே வா. கிரவுண்டுக்குப் போ. செட்ட நேரா நிமித்திப் பிடி. அப்புறம் பேசு. நாங்க எல்லாரும் காத்திருக்கிறோம்."

நாங்கள் காத்திருந்தோம். காலை முழுவதும் வாயடக்க முடியாத அத்தனை பேரும் பட்டனைத் தொடாமல் இருந்தோம்.

அவள் வந்தாள். மழையில் நிற்பது குரலிலேயே தெரிந்தது. ஆனால் இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஸ்கூலுக்குப் பின்னால மண்மேடு வெடிச்சிருக்குங்க. கை நுழையுற அளவு. வகுப்புத் தரையில சேத்துத் தண்ணி ஊறி வருது. கீழ் டிவிஷன் ஆளுங்கள இங்க அனுப்ப வேணாம். இங்க இருக்கவங்களையும் நாங்க பேக்டரிக்குக் கூட்டிட்டுப் போறோம். பேக்டரி பூட்டிக் கெடக்கு. தொரையும் இல்லை, டீமேக்கரும் இல்லை. யாராவது தொறக்கச் சொல்லுங்க."

டீச்சர் ஒரு சொல் மாற்றாமல் அதை அவளுக்கே திரும்பப் படித்துக் காட்டினார். சரி என்று இரண்டு தட்டு வந்த பிறகுதான் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். அங்கே நடந்ததைப் பின்னால் டீச்சர் எனக்குச் சொன்னார். ஓர் அதிகாரி, இந்தப் பெண் யார், கிராம சேவகர் உறுதிப்படுத்தினாரா என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் மண் தெரிகிறது, நமக்கு இந்த அறையின் சுவர் தெரிகிறது என்று டீச்சர் பதில் சொன்னாராம். ஜீப்புக்குப் போகவிருந்த உத்தரவு நின்றது. ஆனால் தேயிலைத் தொழிற்சாலைக் கதவு விஷயத்தில் அவர்கள் தடுமாறினார்கள். தனியார் கம்பெனிச் சொத்து, தேயிலை இருக்கும், இயந்திரம் இருக்கும், முகாமையாளரை, அதாவது அவள் சொன்ன தொரையை, தொடர்பு கொள்ள வேண்டும். கொழும்பில் இருக்கும் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தி மறுபடி வந்தாள். எல்லாரும் தொழிற்சாலை வாசலில் நிற்கிறோம், குழந்தைகள் நனைகிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். பூட்டின்மேல் கைவைக்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் டீச்சர் அழுத்திவிட்டார்.

"பூட்ட ஒடைங்க. யார் சொன்னான்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

பிறகு தன் முழுப் பெயரையும், அழைப்புக்குறியையும், பாடசாலையில் தான் வகிக்கும் பதவியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அலைவரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. தனக்கு இல்லாத அதிகாரம் ஒன்றை, அந்த அறையில் அதிகாரம் உள்ளவர்கள் முன்னாலேயே எடுத்துக்கொண்டார். எதற்கும் விதியை முன்னால் நீட்டுகிற அந்த மனுஷிதான் அதைச் செய்தார்.

சற்றுநேரத்தில் மோகன் வந்தார். இந்தத் தடவை அனுமதி கேட்டு, இடைவெளி விட்டு, இரண்டே வசனம் பேசினார். சுகந்தி வெளியே வந்த பிறகு அவள் குரல் ரிப்பீட்டர் இல்லாமலே தனக்கு நேரடியாகத் தெளிவாகக் கேட்கிறது, அவள் செட் பேட்டரி இறங்கினால் தான் வாங்கிச் சொல்லலாம் என்றார். டீச்சர் சரி என்றார். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் அவள் சொன்னதை மட்டும், அவள் சொன்னபடி சொன்னார். குரலே மாறிப்போயிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் அந்த மேடு இறங்கியது. பாடசாலையின் பின்கட்டடம் முழுவதையும் மூடிவிட்டு, மேல் டிவிஷன் லயத்தில் ஒரு வரிசையையும் எடுத்துக்கொண்டு கீழே போனது. இரண்டிலும் ஆட்கள் இல்லை. மாடுகள் போயின, வீடுகள் போயின, ஒரு கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த சாமானெல்லாம் போயிற்று. மனிதர்கள் எல்லாரும் தொழிற்சாலையில் இருந்தார்கள்.

பின்னால் மோகனுக்கு என்மேல் மனவருத்தம் இருந்தது. உதவத்தானே அக்கா பேசினேன் என்றார். அதை நான் மறுக்கவில்லை. அன்று அவள் குரல்மேல் ஏறி உட்கார்ந்த ஒவ்வொருவரும் உதவத்தான் வந்திருந்தார்கள். கெட்ட எண்ணம் உள்ள ஒருவர்கூட அந்த அலைவரிசையில் இல்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

பாதை ஓரளவு சீரானதும் டீச்சரும் நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். ராகலைவரை பஸ்ஸில். அங்கிருந்து மோகனின் லொறியில் அரிசி மூட்டைகளோடு. லயத்துக் குடும்பங்கள் எல்லாம் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தன. கொழுந்து பரப்பும் நீளத் தட்டுகளில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அந்த மாடியில் கொழுந்து வாசனை போய் ஈரத்துணி வாசனையும் பருப்பு வாசனையுமாக இருந்தது. சுகந்தி ஒரு மூலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் நேரில் பார்த்தது அன்றுதான். குரலை வைத்து நினைத்ததைவிட உயரமான பெண். அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். மோகன் தலையைக் குனிந்துகொண்டு அரிசி மூட்டையை எங்கே இறக்குவது என்று யாரையோ கேட்கப் போய்விட்டார். டீச்சர் அவள் கையைப் பிடித்தார். விடவில்லை. அவள் எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. என்னம்மா என்றேன்.

"அக்கா, அன்னிக்கு ரொம்பப் பதட்டமாப் போச்சு. பேசி முடிக்கிறப்ப ஒரு தடவைகூட கால்சைன் சொல்லலை. லைசன்ஸ எடுத்துருவாங்களா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு தோட்டத்துச் சனம் முழுவதும் இருமிக்கொண்டும், சண்டை பிடித்துக்கொண்டும், தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றுகொண்டும் இருந்தது.

"அடுத்த தடவை சொல்லிக்கலாம்" என்றார் டீச்சர்.

சொன்ன பிறகுதான் அடுத்த தடவை என்ற அந்தச் சொல் எங்கள் மூவருக்கும் உறைத்தது. மாடி ஜன்னலுக்கு வெளியே, தேயிலைக்கு நடுவில், மலை உரிந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. சுகந்தி இடுப்பிலிருந்த செட்டை எடுத்து, காதருகே வைத்துக்கொண்டு, கேட்கத் தொடங்கினாள்.